பதிமூன்றா, முப்பதா?

எங்கள் தெருமுனை பப்பில் வழக்கமாக பிங்கோ நடத்துபவருக்கு இடுப்பில் ஆபரேஷன். "நீதான் நல்லா பேசுவியே, லவ்" என்று முதலாளியம்மா மைக்கை என் கையில் திணித்துவிட்டார். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் எல்லோரும் எல்லோருக்கும் 'லவ்'தான், அதில் மயங்கியிருக்கக் கூடாது. ஊரில் அபார்ட்மென்ட் பொங்கல் விழாவில் ஹவுசி நடத்திய தைரியம் எனக்கு. பிங்கோவும் அதேதான்: நான் ஒவ்வொரு பந்தாக எடுத்து எண்ணைச் சொல்ல, ஆடுகிறவர்கள் சீட்டில் அதைக் குறிக்க வேண்டும். அதே 90 எண்கள், அதே மூன்று வரிச் சீட்டு. என்ன பெரிய வித்தை?

முதலில் பணக்கணக்கு. ஆறு சீட்டு சேர்ந்த ஒரு ஸ்ட்ரிப் 3 பவுண்ட். ஆறிலும் சேர்த்து 1 முதல் 90 வரை ஒவ்வோர் எண்ணும் ஒரே முறை வரும் என்பதால், எந்தப் பந்தை எடுத்தாலும் எல்லோருக்கும் வேலை இருக்கும். 26 பேர், 78 பவுண்ட். ஒரு வரியை முதலில் முடிப்பவருக்கு 15, இரண்டு வரிக்கு 20, சீட்டு முழுக்க முடிக்கும் ஃபுல் ஹவுஸுக்கு 43. இதில் பத்தை உணவு வங்கிக்கு எடுத்து வைக்கலாமே என்றேன். கூடாதாம். பிங்கோவுக்கென்று தனி லைசென்ஸ் இல்லாத பப்பில் ஓர் ஆட்டத்துக்கு ஆளுக்கு 5 பவுண்டுக்கு மேல் வாங்கக் கூடாது, நுழைவுக் கட்டணம் கூடாது, கட்டிய பணத்தில் ஒரு பென்னிகூடப் பிடிக்கக் கூடாது. பப்புக்கு லாபம் பீரில்தான். உணவு வங்கிக்குத் தனியாக ஒரு வாளி வைத்தோம்.

முதல் ஆட்டத்திலேயே சறுக்கினேன். "தர்ட்டி" என்றேன். ஜன்னலோரப் பாட்டி "லைன்!" என்று கத்தினார். சீட்டை வாங்கிப் பார்த்தால் மை குத்தியிருந்தது 13-இல். அவர் காதில் குறையில்லை, என் நாக்கில்தான். எண்களுக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர்களை வெறும் கும்மாளம் என்று நினைத்து விட்டுவிட்டிருந்தேன். 13 என்றால் 'அன்லக்கி ஃபார் சம்', 30 என்றால் 'டர்ட்டி கெர்ட்டி'. பட்டப்பெயரைக் கேட்ட பிறகு யாருக்குக் குழப்பம் வரும்? அப்புறம் பட்டப்பெயர், இலக்கம் இலக்கமாக ஒரு தடவை, முழு எண் என்று மூன்றையும் சொன்னேன். 22 பார்க்க இரண்டு வாத்து மாதிரி; அதற்குக் கூட்டமே 'குவாக் குவாக்' என்று வாத்தாகக் கத்தியது. இரண்டு கால் மாதிரி இருக்கும் 11-க்கு விசில். 88-இன் பெயர் 'டூ ஃபேட் லேடீஸ்'; கூச்சப்பட்டு "எட்டு, எட்டு" என்று மட்டும் சொல்லி நகரப் பார்த்தேன். மூலை மேசைப் பெண்கள் விடவில்லை, அவர்களே கத்திக்கொண்டு குலுங்கினார்கள்.

வேகம் இன்னொரு தலைவலி. ஆறு சீட்டிலும் தேடக் கொஞ்சம் நேரம் வேண்டும். இழுத்தாலோ எழுந்து சிகரெட் பிடிக்கப் போய்விடுகிறார்கள். மனதுக்குள் ஐந்து எண்ணிவிட்டு அடுத்த பந்தை எடுப்பது சரியாக வந்தது.

மூன்றாவது, கடைசி ஆட்டம். அதே பாட்டி எண்ணில் மை குத்தும் டாபர் பேனாவை உயர்த்திப் பிடித்தபடி ஒரே ஓர் எண்ணுக்காகக் காத்திருந்தார். 64-ஆவது பந்தில் வேறொருவர் ஃபுல் ஹவுஸ் அடித்துப் பணத்தோடு போய்விட்டார். எல்லோரும் கிளம்பிய பிறகு பந்துகளைத் தட்டில் அடுக்கினேன். 57-இன் குழி காலி. இடைவேளையில் பந்துகளைப் பைக்குள் கொட்டும்போது ஒன்று உருண்டிருக்கிறது. சூதாட்ட மெஷினுக்கு அடியில், தூசிக்குள் கிடந்தது. பாட்டி விட்டுப்போன சீட்டைத் தேடிப் பார்த்தேன். 57-இல் மட்டும் மை இல்லை.

பையில் போடும் முன் பந்துகளை எண்ணச் சொல்லி யாரும் எனக்குச் சொல்லவில்லை. அடுத்த மாதம் அவருடைய ஸ்ட்ரிப்புக்கு என் காசு. ஏன் என்று கேட்டால் என்ன சொல்வதென்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.