களைக்கொத்துக்கு ஒரு காம்பு

பிப்ரவரி 4

எங்கள் மணநாளுக்கு இன்னும் ஐந்து வாரங்கள் இருக்கின்றன. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு அந்த நாளுக்காக என் கணவருக்கு நான் வாங்கித் தந்த துருப்பிடிக்காத எஃகுத் தோட்டக் கருவிகள், வந்த பெட்டியிலேயே, வந்த மெருகு குலையாமல், அலமாரியின் மேல்தட்டில் இருக்கின்றன. அவர் அவற்றைக் குறை சொன்னதுமில்லை, கையில் எடுத்ததுமில்லை. விடிந்ததும் அவர் கைக்கு வருவது அந்தப் பழைய களைக்கொத்துதான். அதன் தகடு தீட்டத் தீட்டத் தேய்ந்து அரை விரல் அகலம் குறைந்துவிட்டது. ஆயினும் கார்பன் எஃகு ஆதலால் நான்கு இழுப்பில் கூர் ஏறிவிடும். கெட்டுப்போனது காம்புதான். நெடுக விரிசல் விட்டு, பழைய சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றிய கட்டில்தான் அது பிழைத்திருக்கிறது.

சில மாதங்களாக அவருக்கு வலது பெருவிரலின் அடி மூட்டில் வலி. வாய்விட்டுச் சொல்ல மாட்டார். களையெடுத்துவிட்டு வந்து வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நிற்பதிலிருந்து நானாகத் தெரிந்துகொண்டதுதான். ஆகவே இந்த முறை கடையில் எதையும் வாங்குவதில்லை. அந்தக் களைக்கொத்துக்கே ஒரு புதுக் காம்பு செய்வது என்று முடிவு செய்திருக்கிறேன். அப்பா விட்டுச்சென்ற இழைப்புளியும் உளிகளும் மரஅரமும் என்னிடம் இருக்கின்றன. பின்கட்டு அறையில் நான் எதையாவது இழைத்துக்கொண்டிருப்பது வழக்கமாதலால் சத்தம் கேட்டும் அவருக்குச் சந்தேகம் வராது. கேட்டால் புத்தகத் தாங்கி செய்கிறேன் என்று சொல்லலாம்.

பிப்ரவரி 6

இரவு அவர் தூங்கிய பிறகு ரப்பர்க் கட்டை அவிழ்த்தேன். காம்பு இரண்டு பிளவாகக் கையோடு வந்துவிட்டது. மரத்துக்குள் நுழைந்திருக்கும் கூரான வால் பகுதி 70 மி.மீ. நீளம், அடியில் 9 மி.மீ. சதுரமாகத் தொடங்கி, நுனியில் 4 மி.மீ. ஆகச் சிறுத்துப்போகிறது. பழைய காம்பின் நீளம் 110 மி.மீ., கனம் வெறும் 24 மி.மீ. அளவுகளைவிட எனக்குப் பயன்பட்டது அந்தக் காம்பில் பதிந்திருந்த தேய்மானம். இத்தனை ஆண்டு வியர்வையில் ஒரு பக்கம் மட்டும் கருத்திருக்கிறது. காம்பின் கழுத்தை இறுக்கிப் பிடிக்கும் உலோக வளையமான பூணிலிருந்து 30 மி.மீ. தள்ளி, மேல்புறத்தில் பெருவிரல் அழுந்திய இடத்தில் ஒரு சிறு பள்ளம் விழுந்திருக்கிறது. அதைத் தாளில் வரைந்துகொண்டு, காம்பை மறுபடி பொருத்தி ரப்பரைச் சுற்றி வைத்தேன்.

பிப்ரவரி 7

ரப்பரை இடப்பக்கமாகச் சுற்றிவிட்டேன். அவர் எப்போதும் வலப்பக்கமாகச் சுற்றுவாராம். "யாரோ இதை அவுத்துப் பார்த்திருக்காங்கம்மா" என்று கொத்தைக் கையில் ஏந்திக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றார். "உங்க கொத்தை யாருங்க திருடப் போறா?" என்று கேட்டுவிட்டு நான் அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டேன். இலையின் அடியில் இருக்கும் பூச்சி முட்டையைக் கண்டுபிடிக்கும் கண்ணுக்கு முன்னால் இரகசியம் காப்பது அவ்வளவு எளிதில்லை.

பிப்ரவரி 9

மெல்லிய காம்பைப் பிடிக்க விரல்களை இறுக மடக்க வேண்டியிருக்கிறது. அந்த இறுக்கம் முழுவதும் பெருவிரல் மூட்டில்தான் வந்து நிற்கிறது. முழுக் கையால் பற்றும் கருவிக்கு 30 முதல் 40 மி.மீ. வரையான கனம் பெரும்பாலானவர்களுக்கு ஏற்றது என்பார்கள். ஆனால் எனக்குத் தேவை பெரும்பாலானவர்களின் கை அல்ல. ஆகவே 28, 32, 36 மி.மீ. கனத்தில் மூன்று உருளைக் கட்டைகளைக் கொண்டுபோய், திரைச்சீலைக்குக் கம்பு வாங்க வேண்டும், எது கைக்கு வாகாக இருக்கிறது என்று கேட்டேன். "திரைச்சீலைக் கம்பைக் கையில பிடிச்சுப் பார்த்தா வாங்குவாங்க?" என்றார். இருந்தாலும் பிடித்துப் பார்த்தார். 32-ஐப் பிடித்தபோதுதான் புருவச் சுளிப்பு விலகியது.

நீளத்தை அவருடைய கையுறையில் அளந்தேன். உள்ளங்கை அகலம் 92 மி.மீ. காம்பு குட்டையாக இருந்தால் அதன் கடைசி முனை உள்ளங்கையின் நடுவில் போய்க் குத்தும். அது கைக்கு வெளியே நீண்டிருக்க வேண்டும். 150 மி.மீ. என்று வைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 12

மரத்தைப் பற்றி எனக்குக் குழப்பமே இருக்கவில்லை. முந்தைய ஆண்டுக் காற்றில் முறிந்த கொய்யாக் கிளை ஒன்று கொட்டகையின் பரணில் கிடக்கிறது. அந்த மரம் அவர் நட்டது. கிளை முறிந்த அன்று வெட்டுவாயைச் சீர்செய்துவிட்டு மௌனமாக உட்கார்ந்திருந்தவர் அவர். கொய்யா நெருக்கமான இழையும் நல்ல உறுதியும் உள்ள மரம். கருவிக் காம்புகளுக்கு அது நெடுங்காலமாகப் பயன்படுகிறது.

கிளையின் இரு முனைகளிலும் வெடிப்பு ஓடியிருந்தது. முனை வழியாக ஈரம் விரைவாக வெளியேறுவதால் அங்கே மரம் முதலில் சுருங்கி வெடிக்கும். வெடிப்பு தீரும் வரை அறுத்துத் தள்ளிவிட்டு, மீந்த துண்டை ரம்பத்தால் அறுக்காமல் கைக்கோடரியை வைத்துத் தட்டிப் பிளந்தேன். ரம்பம் நாம் போட்ட கோட்டின் வழியே போகும். பிளவோ மரத்தின் இழை போகும் வழியே போகும். காம்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இழை அறுபடாமல் ஓடினால்தான், மண்ணைக் கிளறி நெம்பும்போது அது தாங்கும். நடுவிலுள்ள சோற்றுப் பகுதி பின்னாளில் விரிசலுக்கு வழி வைக்கும் என்பதால் அதையும் செதுக்கி எறிந்தேன். பயன்படக்கூடியவை இரண்டு துண்டுகள் தேறின.

பிப்ரவரி 17

ஐந்து நாட்களாகச் சமையலறைத் தராசில் பெரிய துண்டை நிறுத்து எழுதிவருகிறேன். 412, 410, 409, 409, 409 கிராம். எடை இறங்குவது நின்றுவிட்டதென்றால், மரத்தின் ஈரம் சுற்றியுள்ள காற்றோடு சமநிலைக்கு வந்துவிட்டது என்று பொருள். ஈர மரத்தில் காம்பு செய்தால் அது காய்ந்து குறுக்கே சுருங்கும். பூண் மட்டும் சுருங்காமல் வளையல்போலக் கழன்று விழும்.

பிப்ரவரி 19

இன்று இழைப்பு. முதலில் 36 மி.மீ. சதுரமாக்கிக்கொண்டு, பிறகு எண்கோணமாக்கினேன். சதுரத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் 5:7:5 என்று பிரித்துக் கோடிட்டு மூலைகளை இழைத்துத் தள்ளினால் ஏறக்குறைய ஒழுங்கான எண்கோணம் கிடைத்துவிடும், 36 மி.மீ.க்கு அது ஒவ்வொரு ஓரத்திலிருந்தும் பத்தரை மி.மீ. அப்பா இதைக் கணக்காகச் சொல்லித்தந்ததில்லை. விரலை ஓரத்தில் ஒட்டிவைத்துப் பென்சிலை இழுத்துவிட்டுப் போவார். நான் பின்னால் அளந்து பார்த்து வியந்திருக்கிறேன். எண்கோணத்திலிருந்து பதினாறு பட்டைகள், அதன் பிறகு மரஅரம். முழு வட்டமாக்காமல் 34-க்கு 29 என்ற கணக்கில் நீள்வட்டமாக விட்டேன். வட்டக் காம்பு வியர்த்த கையில் சுழலும். நீள்வட்டமானால் தகடு எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பதைக் கண்ணால் பார்க்காமலே கை சொல்லிவிடும்.

பிப்ரவரி 21

உடைந்துவிட்டது. துளையிட்டு முடித்து, பொருத்தம் பார்ப்பதற்காக, ஏறக்குறைய அதே அளவில் வால் கொண்ட ஒரு தேய்ந்த அரத்தை உள்ளே தட்டினேன். இரண்டாவது தட்டில் காம்பு வாய் பிளந்தது. சிறுத்துப்போகும் வால் என்பது ஆப்புதான். துளை இறுக்கமாக இருந்தால் ஆப்பு தன் வேலையைத் தவறாமல் செய்யும். பூணை முதலில் ஏற்றியிருந்தால் மரம் தாங்கியிருக்கும். பூண் இருப்பதே அதற்காகத்தானே! இத்தனைக்கும் தெரிந்த விஷயம். இரண்டு நாள் உழைப்பு இரண்டு தட்டில் போயிற்று. இனி ஒரே ஒரு துண்டுதான் இருக்கிறது.

பிப்ரவரி 26

இரண்டாவது காம்பு தயாராகிவிட்டது. இம்முறை முதல் வேலையே பூண்தான். உள்விட்டம் 26 மி.மீ. உள்ள செம்புக் குழாயில் 20 மி.மீ. நீளத்துக்கு வளையம் அறுத்து, மரத்தின் கழுத்தை அதைவிட ஒரு மயிரிழை பெரிதாக அராவி, முனையைச் சற்றே சரித்துவிட்டுச் சுத்தியலால் தட்டி ஏற்றினேன். அதன் பிறகே துளை: 4 மி.மீ. அலகால் முழு ஆழத்துக்கும், 6 மி.மீ. அலகால் பாதிக்குச் சற்றுக் கூடுதலாகவும், வாயருகில் 8 மி.மீ. அலகாலும் படிப்படியாக அகட்டினேன்.

பழைய காம்பில் பார்த்த பெருவிரல் பள்ளத்தையும், பூணிலிருந்து அதே 30 மி.மீ. தொலைவில், புதிதில் செதுக்கினேன். இந்த வேலையில் நான் மிகவும் மகிழ்ந்து செய்தது அதுதான். 80-ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 120, 180 வரை தேய்த்து, நனைத்த துணியால் ஒரு முறை துடைத்து, நிமிர்ந்த நார்களை மறுபடியும் தேய்த்து நீக்கினேன். அதற்கு மேல் வழுவழுப்பாக்கவில்லை. கண்ணாடிபோல் மின்னும் காம்பு கைக்கு நல்லதல்ல.

மார்ச் 1

ஆளிவிதை எண்ணெய் முதல் பூச்சு. வார்னிஷ் பூசினால் மேலே ஒரு படலம் நிற்கும். அது உள்ளங்கையில் உராய்ந்து கொப்புளம் போடும், பிறகு உரிந்து அசிங்கமாகும். ஆளிவிதை எண்ணெயோ மரத்துக்குள் இறங்கி, காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்றுக் கெட்டிப்படும். மெல்லியதாகப் பூசி, இருபது நிமிடத்தில் மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். துடைக்காமல் விட்டால் நாட்கணக்கில் பிசுபிசுக்கும்.

துடைத்த துணியைப் பற்றி ஒன்று எழுதிவைக்க வேண்டும். அந்த எண்ணெய் கெட்டிப்படும்போது வெப்பம் வெளிப்படும். எண்ணெய் ஊறிய துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், வெப்பம் வெளியேற வழியின்றி உள்ளுக்குள்ளேயே ஏறி, தானாகவே தீப்பிடிக்கக்கூடும். நான் அதை வெளியே கொடியில் விரித்துக் காயவிட்டிருக்கிறேன். அவர் அதைப் பார்த்து, புத்தகத் தாங்கி எந்த அளவில் இருக்கிறது என்று விசாரித்தார்.

மார்ச் 9

அவர் நேற்றுக் காலை வெளியூர் போனார், நாளை திரும்புகிறார். களைக்கொத்து என் கையில் தனியாக அகப்பட்டது இந்த இரண்டு நாட்கள்தான்.

தகட்டை ஈரத்துணியால் நன்றாகச் சுற்றி வைஸில் இறுக்கி, வாலை மட்டும் தீயில் காட்டி, மங்கிய சிவப்பு ஏறியதும் துளைக்குள் அழுத்தினேன். சீறிக்கொண்டு புகை வந்தது. சூட்டில் மரம் உள்ளே கரிந்து வாலின் வடிவத்துக்கே ஒரு குழி அமைந்துவிடும். அராவி அந்தப் பொருத்தத்தைக் கொண்டுவர முடியாது. ஈரத்துணி எதற்கென்றால், தகட்டின் விளிம்பில் நீலம் பாயும் அளவுக்குச் சூடேறினால் அதன் பதம் இறங்கி, தீட்டிய கூர் நிற்காது. சிவந்த வாலைத் தண்ணீரில் அமிழ்த்தவும் கூடாது. எஃகு விறைத்து, நெம்பும்போது ஒடிந்துபோகக்கூடும். காற்றிலேயே ஆறவிட்டேன்.

ஆறியதும் கரியைச் சுரண்டி எடுத்து, எபாக்சிப் பசை இட்டு இறுக்கினேன். பசை வேண்டுமா என்று தயக்கம் இருந்தது. பின்னாளில் வேறு காம்பு போட வேண்டியிருந்தாலும் சூடு காட்டினால் எபாக்சி இளகிவிடும் என்பதால் துணிந்தேன். ஒரு முழுநாள் அசையாமல் இருக்க வேண்டும்.

மார்ச் 11

காலையில் வழக்கமான ஆணியில் மாட்டி வைத்தேன். பொட்டலம் கட்டி, நாடா சுற்றிக் கையில் கொடுத்திருந்தால் அவர் அதையும் அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிடுவாரோ என்ற பயம் உண்மையிலேயே இருந்தது.

ஆணியிலிருந்து எடுத்தவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோய் எண்ணெய் வாசனையை முகர்ந்தார். "கொய்யாவா?" என்று மட்டும் கேட்டார். நான் தலையசைத்தேன். அதற்குப் பிறகு ஒன்றும் பேசாமல், மல்லிகைப் பாத்தியில் இரண்டு வாரமாகத் தள்ளிப்போட்டிருந்த கோரையைக் கிழங்கோடு தோண்டியெடுக்கப் போய்விட்டார். வெயில் ஏறும் வரை வரவில்லை. வந்தபோது வெந்நீர் கேட்கவில்லை என்பதை நான் கவனித்தேன். ஒரு நாளில் எதையும் முடிவு செய்துவிடக் கூடாதுதான்.

மாலையில் காம்பைத் துடைக்க எடுத்தபோதுதான் பார்த்தேன். மண்ணும் வியர்வையும் படிந்த தடம், நான் அத்தனை ஆசையாகச் செதுக்கிய பள்ளத்திலிருந்து இரண்டு விரற்கடை பின்னால், அதுவும் மேல்புறத்தில் இல்லாமல் பக்கவாட்டில் இருந்தது. பள்ளத்தில் ஒரு துளி மண்கூட இல்லை. பழைய காம்பின் தேய்மானம் வலி வருவதற்கு முந்தைய பிடியைக் காட்டியிருக்கிறது. மூட்டு வலிக்கத் தொடங்கிய பிறகு பெருவிரலை மேலே அழுத்துவதையே அவர் விட்டிருக்கிறார். ரப்பர்க் கட்டுக்குள் மறைந்திருந்த அந்தக் காம்பு எனக்கு அதைச் சொல்லவில்லை.

மார்ச் 12

பள்ளத்தைப் பற்றிச் சொன்னேன். "அது பாட்டுக்கு இருக்கட்டுமே" என்றார். இருக்கட்டும் என்று விட எனக்கு மனம் வரவில்லை. அதன் விளிம்பு சுட்டுவிரலின் பக்கத்தில் உரசுவதை அவரே பிறகு ஒப்புக்கொண்டார். காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, "சரி, மரஅரத்தை எடுத்துட்டு வா" என்றார்.

பின்வாசல் படியில் உட்கார்ந்து, மண்ணைக் கிளறுவதுபோலக் கொத்தைப் பிடித்துக் காட்டினார். நான் பென்சிலால் அவருடைய பெருவிரலைச் சுற்றிக் கோடு போட்டேன். இரண்டு முறை பிடியைத் தளர்த்தி மறுபடி பிடிக்கச் சொன்னேன்; இரண்டு முறையும் விரல் கோட்டுக்குள்ளேயே வந்து அமர்ந்தது. பழைய பள்ளத்தின் விளிம்புகளைச் சரித்துவிட்டுப் புதிய இடத்தில் அராவத் தொடங்கினேன். பாதியில் அரத்தை என் கையிலிருந்து வாங்கி, மீதியை அவரே அராவினார்.