ஸ்வீட்டேனியா பேரினத்தைத் தேர்வுக்குப் படித்த முறை

முதுகலைத் தாவரவியல் தேர்வில் மீலியேசி குடும்பத்தைப் பற்றிய வினா வந்தால் பெரும்பாலோர் வேம்பை மட்டும் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகின்றனர். நான் வேம்போடு, மகோகனி மரங்களை உள்ளடக்கிய ஸ்வீட்டேனியா பேரினத்தையும் சேர்த்துப் படித்தேன். ஒரே குடும்பத்துக்குள் சதைக்கனியும் வெடிகனியும் எவ்வாறு அமைகின்றன என்பதை இவ்விரண்டையும் அருகருகே வைத்தால்தான் விளக்க முடியும்.

இப்பேரினத்தை 1760-இல் தாவரவியலாளர் ஜாக்குவின், வியன்னா அரசவை மருத்துவர் வான் ஸ்வீட்டனின் பெயரால் நிறுவினார் என்ற வரலாற்றுக்கு விடைத்தாளில் ஒரு வரி போதும். மூன்று சிற்றினங்களின் பரவலைப் படித்தவுடன் வரைபடத்தில் குறித்துக்கொள்வது நல்லது: மஹாகோனி தென் ஃபுளோரிடாவிலும் கரீபியத் தீவுகளிலும், ஹூமிலிஸ் மெக்சிகோ முதல் கோஸ்டா ரிகா வரையிலான பசிபிக் பக்கத்து வறண்ட காடுகளிலும், மேக்ரோஃபில்லா மெக்சிகோவிலிருந்து பொலிவியா, பிரேசில் வரையிலும் இயல்பாக வளர்கின்றன.

நம் ஊர்களில் சாலையோரங்களிலும் தோட்டங்களிலும் மகோகனி நடப்பட்டிருப்பதால், பூக்கும் காலத்தில் ஒரு கொத்தைப் பறித்து, கைலென்ஸின் கீழ் வைத்துப் பார்த்துவிட வேண்டும். ஐந்து இதழ்களுக்கு நடுவே மகரந்தத்தாள்கள் ஒன்றிணைந்து ஒரு சிறு குடம் போல நிற்பதும், அதன் விளிம்பில் பத்துப் பற்கள் இருப்பதும், பத்து மகரந்தப்பைகளும் குழலின் உட்புறமாக ஒட்டியிருப்பதும் தெளிவாகத் தெரியும். மலர் பார்வைக்கு இருபால் மலராகத் தோன்றினாலும் செயலளவில் ஒருபால் மலரே; ஆண் மலரில் சூலகம் மெலிந்து வளமற்றிருக்கும், பெண் மலரில் மகரந்தப்பைகள் சிறுத்து, வெடிக்காமலும் மகரந்தம் இன்றியும் இருக்கும். மலர் சூத்திரம் (மலரின் உறுப்புகளைக் குறியீடுகளால் சுருக்கிக் காட்டுவது) எழுதும்போது மதிப்பெண் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

கனியை நான் இன்னும் கூடுதலாக நேரம் ஒதுக்கிப் படித்தேன். மரம்போல் இறுகிய வெடிகனி அடிப்பகுதியிலிருந்து ஐந்து ஓடுகளாகப் பிரிந்து விழ, ஐந்து கோணமுள்ள நடுத்தண்டு எஞ்சும். இறக்கையுள்ள பழுப்பு விதைகள் இறக்கை நுனியால் அத்தண்டின் மேற்பகுதியில் ஒட்டித் தொங்கும். இதே குடும்பத்தையும் இதே அமெரிக்க வெப்பமண்டலத்தையும் சேர்ந்த செட்ரெலா என்ற பேரினத்திலோ மகரந்தத்தாள்கள் ஐந்தே, அவையும் குழலாக இணையாதவை. கனியும் நுனியிலிருந்து பிளக்கும். இவ்விரண்டையும் வேறுபடுத்தக் கேட்டால் இந்த மூன்று பண்புகளை முதலில் எழுதிவிட்டு, இலைக்குப் பிறகு வரலாம்.

இலை இரட்டைப்படைச் சிறகுக் கூட்டிலை. சிற்றிலைகளின் அடிப்பகுதி சமச்சீரற்றது. மேக்ரோஃபில்லாவில் சிற்றிலையும் கனியும் பெரியவை, மஹாகோனியில் சிறியவை, ஹூமிலிஸின் சிற்றிலைகள் ஏறக்குறையக் காம்பற்றவை. ஆயினும் ஒருங்கே வளர்க்கப்படும் இடங்களில் இவை எளிதில் கலப்பினமாவதால், செய்முறைத் தேர்வில் கனியின்றி ஒரு கிளை மட்டும் வைக்கப்பட்டிருந்தால், பேரினத்தை உறுதியாகவும் சிற்றினத்தைச் சிற்றிலையின் அளவைக் காரணம் காட்டியும் எழுதுவதே பாதுகாப்பானது.