முதலுதவித் தேர்வுக்குப் போகும் ஆசிரியர்கள் எதைப் படிக்கலாம்?

முதலுதவிச் சான்றிதழ் பயிற்சியில் சேர்ந்ததும் நம்மில் பலர் வழக்கம்போலப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து உருப்போட ஆரம்பித்துவிடுகிறோம். உடம்பில் எலும்பு எத்தனை, ரத்தக்குழாய் எத்தனை வகை என்று. எழுத்துத் தேர்வுக்கு அது போதும், அதில் திணறியவர்களை நான் பார்த்ததில்லை. செய்முறைத் தேர்வில் நெஞ்சை அழுத்திக் காட்டும் பொம்மைக்கு முன்னால் மண்டியிடும்போதுதான் சங்கடமே. அதனால் படிக்கிற நேரத்தில் முக்கால்வாசியைச் செய்முறைக்கு ஒதுக்குங்கள்.

இதயம் நின்றுபோன பெரியவர்களுக்கு நெஞ்சை 5 முதல் 6 செ.மீ. ஆழம் அழுத்த வேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. இதை யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் முழங்கை மடங்காமல் இரண்டு நிமிடம் விடாமல் அழுத்திப் பாருங்கள், தோள் விட்டுப்போகும், ஆழம் தானாகக் குறையும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறச் சொல்வது இதனால்தான். இன்னொன்று, ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுசாக மேலே எழும்ப விட வேண்டும். அவசரத்தில் எல்லோரும் கோட்டை விடுவது இங்கேதான். புடவை கட்டும் டீச்சர்கள் வளையலைக் கழற்றி, முந்தானையை இழுத்துச் செருகி வீட்டிலேயே தலையணையை வைத்துப் பழகிவிட்டுப் போங்கள். தலையணையில் ஆழம் பிடிபடாது, வேகம் பிடிபடும்.

வாய்மொழித் தேர்வில் "பையன் மயங்கிக் கிடக்கிறான், என்ன செய்வீர்கள்?" என்றதும் நேரே நெஞ்சில் கை வைக்கப் போகாதீர்கள். இடம் ஆபத்தில்லாததா, தோளைத் தட்டிக் கூப்பிட்டால் அசைகிறானா, மூச்சு இருக்கிறதா. மூச்சைப் பார்ப்பதற்குப் பத்து விநாடிக்கு மேல் வேண்டாம். "யாராவது போன் பண்ணுங்க" என்று பொதுவாகச் சொன்னால் பள்ளியில் யாரும் பண்ண மாட்டார்கள். "பி.டி. சார், நீங்க 108-க்குப் பேசுங்க" என்று ஆளைச் சுட்டிச் சொல்ல வேண்டும்.

நம் காவிரி டெல்டாவுக்கு என்று தனியாகப் படிக்க வேண்டியவை தண்ணீரும் பாம்பும். மேட்டூர் அணை திறப்புக்கு வழக்கமான தேதி ஜூன் 12. பள்ளி திறந்து பிள்ளைகள் வாய்க்கால் கரையில் நடந்து வருவதும் அதே சமயத்தில்தான். மூழ்கியவனைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் ஊரில் இன்னும் நடக்கிறது. இரண்டும் வீண், நேரம்தான் போகும். அவனுக்கு இல்லாமல் போனது காற்று, அதனால் முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு, பிறகு அழுத்தம். வெறும் அழுத்தம் மட்டும் போதும் என்று படித்திருப்பீர்கள், அது நின்ற இடத்திலேயே சுருண்டு விழும் பெரியவர்களை நினைத்துச் சொன்னது. நீச்சல் தெரியாத ஆசிரியர் குதிக்கவே கூடாது. மூங்கிலையோ கயிற்றையோ நீட்டுங்கள்.

பாம்புக்கடியில் இறுக்கிக் கட்டாதே, கீறாதே, உறிஞ்சாதே என்பது எல்லோரும் எழுதும் விடை. அதோடு, கடிபட்ட காலை எலும்பு முறிவுக்குச் செய்வதுபோல மட்டை வைத்து அசையாமல் கட்டி, பிள்ளையை நடக்க விடாமல் தூக்கிப் போக வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கட்டுவிரியன் கடித்தால் வலியோ தடமோ பெரிதாகத் தெரியாமல் போகலாம், அதை நம்பி வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. பாம்பை அடித்துக் கொண்டுபோகவும் தேவையில்லை. நம் நாட்டில் போடும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் பொதுவானது.

வலிப்பில் சாவிக்கொத்தைக் கையில் திணிக்கும் பழக்கத்தைப் பற்றி அநேகமாகக் கேட்பார்கள். எதையும் திணிக்க வேண்டாம், வாயில் எதுவும் வைக்க வேண்டாம். சுற்றியுள்ள பெஞ்சுகளை நகர்த்துங்கள், அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் 108. மூக்கில் ரத்தம் வந்தால் தலையை முன்பக்கம் குனிய வைக்க வேண்டும், அண்ணாந்து அல்ல.

சான்றிதழ் கைக்கு வந்த சில மாதத்திலேயே கைப்பழக்கம் போய்விடும். உங்கள் பள்ளியில் ஜே.ஆர்.சி. (இளம் செஞ்சிலுவைச் சங்கம்) இருந்தால் அந்தப் பிள்ளைகளோடு பருவத்துக்கு ஒருமுறை பழகுங்கள். பொம்மை கிடைக்கவில்லையா, பழைய தலையணையே போதும்.