லாஸ்பேட்டையிலிருந்து சிகாகோ பல்கலைக்கு: எனக்கு வேலை வைத்தது மார்க் இல்லை

எங்கள் ஊரில் பிளஸ் டூ முடித்த பிள்ளையிடம் கேட்க இரண்டே கேள்விதான் உண்டு: கட்-ஆஃப் எவ்வளவு, சென்டாக்கில் (புதுச்சேரி அரசின் கல்லூரிச் சேர்க்கைக் குழு) எந்தக் காலேஜ் வரும். நான் 2023-இல் புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்து போய் சிகாகோ பல்கலைக்கழகத்தில் இளங்கலை சேர்ந்தேன், பெரும்பங்கு அவர்கள் தரும் உதவித்தொகையில். அது தெரிந்த ஜூனியர்கள் இன்றுவரை கேட்பதும் "அண்ணா, எவ்ளோ மார்க் இருந்தா எடுப்பாங்க?" என்பதுதான். மார்க் வேண்டும், சரி. ஆனால் எனக்கு உயிர் போனது மார்க்கில் இல்லை. நம் பள்ளி எப்படிப்பட்டது, நம் வீட்டில் காசு எப்படி வருகிறது, எப்படிப் போகிறது என்பதையெல்லாம் புதுச்சேரியை மேப்பில்கூடப் பார்த்திராத ஒருவருக்குக் காகிதத்தில் விளங்கவைப்பதில்தான்.

நான் பத்தாம் வகுப்பு முடித்தது 2021, கொரோனாவில் பொதுத்தேர்வே நடத்தாமல் எல்லோரையும் பாஸ் போட்ட வருஷம். சான்றிதழில் தேர்ச்சி என்று மட்டும்தான் இருக்கும், மார்க் இருக்காது. அமெரிக்கக் கல்லூரிகளோ ஒன்பதாம் வகுப்பிலிருந்து நான்கு வருஷத்துக்கும் மார்க் கேட்கும். பொதுத்தேர்வு மார்க் என்று என் கையில் இருந்தது பிளஸ் ஒன்னுடையது மட்டுமே. அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கு எழுதும் சாட் தேர்வு சிகாகோவில் அப்போது கட்டாயமில்லை என்பதால் அதையும் நான் எழுதவில்லை. அந்த ஓட்டையை யாராவது விளக்கி எழுத வேண்டும், மாணவன் எழுதுவதைவிடப் பள்ளி எழுதினால்தான் அதற்கு மதிப்பு.

அங்கேதான் ஆரம்பித்தது கூத்து. காமன் ஆப் என்ற தளத்தில்தான் விண்ணப்பம். அதில் மாணவன் பகுதி தனி, பள்ளி 'கவுன்சிலர்' பகுதி தனி. கவுன்சிலருக்கு மின்னஞ்சல் போகும், அவர் அதைத் திறந்து பள்ளியைப் பற்றிய படிவம், மார்க் பட்டியல், பரிந்துரைக் கடிதம் மூன்றையும் தானே ஏற்ற வேண்டும். நம் பள்ளிகளில் கவுன்சிலர் ஏது, எச்.எம். சார்தான் எல்லாம். பள்ளி மின்னஞ்சலின் பாஸ்வேர்டு ஃபீஸ் வாங்கும் அக்காவுக்கு மட்டும்தான் தெரியும், அதையும் அவர் பழைய தினசரி காலண்டர் தாள் ஒன்றின் பின்பக்கம் எழுதி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார். எச்.எம். முதலில் தந்த கடிதம் அப்படியே நன்னடத்தைச் சான்றிதழ்: இவர் இந்த வருஷம் முதல் இங்கே பயில்கிறார், நடத்தை நன்று, கையெழுத்து, சீல். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, இத்தனை வருஷமாக எல்லோரும் அவரிடம் கேட்டது அதைத்தான். எங்கள் வகுப்பில் எத்தனை பேர், மாநிலப் பாடத்திட்டம் என்றால் என்ன, 2021-இல் ஏன் மார்க் இல்லை என்று ஒரு பக்கத்துக்குக் குறிப்பு எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்து பேசினேன். அதைப் பார்த்து அவரே திரும்ப எழுதினார்.

கணக்கு சார் கடிதம் வேறு ரகம். ஒரு நிகழ்தகவுக் கணக்கில் கைடில் போட்டிருந்த விடை தப்பு என்று நான் மல்லுக்கட்டியதையும், மறுநாள் தானே போர்டில் போட்டுப் பார்த்து "இவன் சொன்னதுதான் சரி" என்று சொன்னதையும் அப்படியே தமிழில் எழுதினார். இங்கிலீஷ் மிஸ் மொழிபெயர்த்துக் கொடுத்தார். என்னைக் கேட்டால் விண்ணப்பத்திலேயே உருப்படியான பக்கம் அதுதான்.

கட்டுரையைப் பற்றி நிறையப் பேர் பயப்படுகிறார்கள். சிகாகோவின் கேள்விகள் கிறுக்குத்தனத்துக்குப் பேர்போனவை, மாணவர்களும் பழைய மாணவர்களும் அனுப்பும் யோசனைகளிலிருந்து எடுப்பார்கள். பழைய கேள்வி ஒன்று வெறுமனே "எக்ஸைக் கண்டுபிடி", அவ்வளவுதான். இரண்டு மார்க்கா ஐந்து மார்க்கா என்று கேட்கத் தோன்றியது எனக்கு. "ஏன் எங்கள் பல்கலை" என்று இன்னொரு கட்டுரை. நோபல் பரிசு பெற்ற வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் 1937 தொடங்கி 1995-இல் இறக்கும்வரை அங்கேதான் இருந்தார், அதை எல்லோரும் எழுதுவார்கள் என்று விட்டுவிட்டேன். கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிய ரோஜா முத்தையா வாழ்நாள் முழுக்கச் சேர்த்த தமிழ்ப் புத்தகங்களையும் இதழ்களையும் அவர் காலத்துக்குப் பிறகு 1994-இல் வாங்கியது இந்தப் பல்கலைதான். வாங்கி அமெரிக்காவுக்கு அள்ளிக்கொண்டு போகாமல் சென்னையிலேயே நூலகமாக வைத்தார்கள், இப்போது தரமணியில் இருக்கிறது. நான் அதைப் பற்றி எழுதினேன்.

அடுத்தது பணம். அந்த வருஷம் மொத்தச் செலவு 85,000 டாலருக்கு மேல், நம் காசுக்குக் கிட்டத்தட்ட 70 லட்சம். வெளிநாட்டு மாணவருக்கு உதவித்தொகை உண்டு, ஆனால் நீங்கள் பணம் கேட்கிறீர்களா என்பதையும் பார்த்துத்தான் சேர்க்கையை முடிவு செய்வார்கள். இதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு இறங்குங்கள். நல்ல விஷயம், உதவி கேட்பவர்களுக்கு விண்ணப்பக் கட்டணம் கிடையாது.

உதவிக்கு நான் நிரப்பியது சி.எஸ்.எஸ். புரொஃபைல் என்ற படிவம், குடும்பத்தின் வரவு, சொத்து, கடன் எல்லாம் கேட்கும். அப்பாவுக்குக் காமராஜர் சாலைப் பக்கம் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. படிவம் கேட்டது கடையின் மதிப்பு, கடன், லாபம். அப்பாவிடம் இருந்தது வருமான வரி ரிட்டர்னும், மெக்கானிக்குகள் வைத்த பாக்கியைப் பென்சிலில் குறித்த நோட்டும். வீடு தாத்தா பேரில், மூன்று பிள்ளைகளுக்குப் பாகம் பிரிக்கவில்லை. "வீட்டு விலை எதுக்குடா கேக்குறான், விக்கவா போறோம்?" என்றார் அப்பா. சீட்டு எடுத்த பணத்தை எந்தக் கட்டத்தில் போடுவது, அம்மா நகையை அடகு வைத்திருப்பதைக் கடன் என்று காட்டலாமா, ராத்திரி ராத்திரியாக இதே பேச்சு. படிவத்தின் கடைசியில் விளக்கம் எழுத இடம் இருக்கும், அதை வெறுமனே விடாதீர்கள். பாகப்பிரிவினை, சீட்டு, அடகு எல்லாவற்றையும் அங்கே எளிய இங்கிலீஷில் எழுதி, தாசில்தார் தந்த வருமானச் சான்றிதழோடு தொகை முன்னே பின்னே இல்லாமல் ஒத்துப்போகிறதா என்று பார்த்தேன். ஒன்றில் ஒரு தொகை, இன்னொன்றில் வேறு தொகை என்றிருந்தால் கேள்வி வரும்.

பொதுத்தேர்வு நடந்துகொண்டிருந்த மார்ச்சில் முடிவு வந்தது. விசா பெரிய கதை இல்லை: பல்கலை அனுப்பும் ஐ-20 என்ற சேர்க்கைப் படிவம் வந்ததும் செவிஸ் (வெளிநாட்டு மாணவர் பதிவு) கட்டணம் அப்போது 350 டாலர், விசா கட்டணம் 185 டாலர், சென்னை ஜெமினி பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் யார் பணம் கட்டுகிறார்கள் என்று ஒரு கேள்வி, என்ன படிக்கப் போகிறாய் என்று ஒரு கேள்வி, முடிந்தது.

அங்கே போன பிறகு வேகம்தான் பழகவில்லை. செமஸ்டர் கிடையாது, காலாண்டு. சுமார் பத்து வாரத்தில் ஒரு பாடம் முடிந்துவிடும், மூன்றாவது வாரமே தேர்வு வந்து நிற்கும். எந்த மேஜர் (முதன்மைப் பாடம்) எடுத்தாலும் 'கோர்' என்று இலக்கியம், சமூக அறிவியல், அறிவியல் எல்லாம் கட்டாயம். மேஜையைச் சுற்றி இருபது பேருக்குள் உட்கார்ந்து, படித்துவந்த பக்கங்களைப் பற்றி ஆளாளுக்குப் பேச வேண்டும். கைடு கிடையாது, முக்கியக் கேள்விகள் கிடையாது. பேராசிரியர் தன் அறையில் உட்கார்ந்திருக்கும் நேரத்துக்கு ஆபீஸ் அவர்ஸ் என்று பேர். முதல் முறை வாசலில் நின்று "மே ஐ கம் இன் சார்" என்றேன், அவர் யாரோ அதிகாரி வந்துவிட்டாரோ என்பது போல எழுந்து பார்த்தார். அப்புறம் வாரம் தவறாமல் போய், எழுதிய கட்டுரையில் எந்த வாக்கியம் நிற்கவில்லை என்று கேட்கப் பழகிக்கொண்டேன்.

படிப்பு நடக்கும்போது கேம்பஸுக்குள் வாரம் 20 மணி நேரம்வரை வேலை பார்க்கலாம், எனக்கு நூலகத்தில் கிடைத்தது. சாப்பாடு மெஸ்ஸில் தாராளம், ஆனால் ரசம் கிடைக்காது. பல்கலை இருக்கும் ஹைட் பார்க் ஊரின் தெற்கில், நம் மளிகைச் சாமான் கிடைக்கும் டெவன் அவென்யூ வட கோடியில். ஆறாம் நம்பர் பஸ்ஸில் டவுன்டவுன் போய் அங்கிருந்து மாறிப் போக வேண்டும், பாதி நாள் போய்விடும். தமிழ், தெலுங்குப் பசங்களாகச் சேர்ந்து போய்ப் புளியும் பொன்னி அரிசியும் தூக்கிக்கொண்டு வருவோம். ரசப்பொடி மட்டும் அம்மா அரைத்துக் கொடுத்ததுதான்.