பேய்லரின் மைக் சிங்கிள்டரி

அமெரிக்கக் கால்பந்து என்றாலே என் நினைவுக்கு முதலில் வருபவர், டெக்சாஸின் பேய்லர் பல்கலைக்கழகத்துக்காக 1977 முதல் 1980 வரை லைன்பேக்கராக, அதாவது தற்காப்பின் முன்வரிசைக்குப் பின்னால் நின்று எதிரணியைத் தடுப்பவராக, ஆடிய மைக் சிங்கிள்டரி. ஹூஸ்டனில் பத்துப் பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்த அவர், கல்லூரிக் காலத்தில் 662 டேக்கிள்களைக் (பந்தோடு வரும் எதிரணி வீரரைப் பிடித்து வீழ்த்துவது) குவித்தார். மோதிய வேகத்தில் அவருடைய ஹெல்மெட்டுகளே 16 உடைந்ததாகச் சொல்வார்கள். ஆனால் என்னைக் கட்டிப்போடுவது அந்த வேகமன்று. பந்து நகரும் முன்பே எதிரணி வரிசையை விழிகள் பிதுங்க, இமைக்காமல் பார்த்து, ஆட்டம் எந்தப் பக்கம் பாயும் என்று கணித்துவிடும் அந்தப் பார்வைதான். 1980இல் பேய்லர், கல்லூரி அணிகளின் கூட்டமைப்பான சவுத்வெஸ்ட் கான்ஃபரன்ஸின் பட்டத்தையும் வென்றது. சிகாகோ பேர்ஸ் என்ற தொழில்முறை அணியின் வீரராகவே பலரும் அவரை அறிவர். எனினும் கல்லூரிக் கால்பந்தின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேம் அவரை 1995இல் ஏற்றுக்கொண்டது, தொழில்முறைக் கால்பந்தின் ஹால் ஆஃப் ஃபேம் கௌரவமோ 1998இல்தான் கிடைத்தது. அந்த வரிசை எனக்கு மிகவும் நியாயமாகப் படுகிறது.