முதல் மழைக்கே உரிந்த சுவர்

போன வருஷம் ஆகஸ்டில் நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தின் காம்பவுண்டுச் சுவரில் படம் வரைந்தோம். மூன்று ஞாயிற்றுக்கிழமை வேலை. பெரிய ஆலமரம் ஒன்று, விழுதில் தொங்கும் பிள்ளைகள், இலைக்குப் பதிலாக அந்தப் பள்ளிப் பிள்ளைகளின் உள்ளங்கை அச்சு. பச்சைப் பெயிண்ட்டைத் தட்டில் ஊற்றி ஒவ்வொரு கையாக முக்கி ஒற்றியதில் என் சுடிதார் ஒன்று போச்சு, ஆனால் அவ்வளவு சந்தோஷம். போட்டோ எடுத்தோம், ஸ்டேட்டஸ் போட்டோம், பிரியாணி சாப்பிட்டோம்.

அக்டோபரில் நல்ல மழை ஒன்று அடித்தது. ஆலமரம் அப்பளம் மாதிரி உப்பி உரிய ஆரம்பித்தது. அந்தப் பக்கம் போனபோது மூன்றாவது படிக்கும் ஒரு வாண்டு ஓடி வந்து, “அக்கா, என் கை கீழ விழுந்துடுச்சு” என்று ஒரு துண்டை எடுத்துக் காட்டியது. நிஜமாகவே அதில் ஒரு குட்டிக் கை, நாலு விரலோடு.

தப்பு முழுக்க எங்களுடையது. ஏற்கெனவே பல தடவை சுண்ணாம்பு அடித்த சுவர் அது, கையை வைத்துத் தேய்த்தால் வெள்ளையாக மாவு ஒட்டும். அதைச் சுரண்டாமல், ப்ரைமர் என்கிற அடிப்பூச்சும் இல்லாமல் நேரே எமல்ஷன் பெயிண்ட்டைப் பூசிவிட்டோம். ஹார்டுவேர் கடைக்காரர் “ப்ரைமர் வேணாமா?” என்று கேட்கத்தான் செய்தார். பட்ஜெட் இடிக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தோம். அதே பட்ஜெட்டில் எட்டுப் பேருக்கும் பெயர் அச்சடித்த டி-ஷர்ட் வாங்கியிருந்தோம் என்பதை இங்கே ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

எங்கள் ஏரியாவில் நம்பர் பிளேட்டும் கடைப் போர்டும் எழுதுகிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரைக் கூட்டிக்கொண்டு போய்ச் சுவரைக் காட்டினேன். நகத்தால் ஒரு ஓரத்தைக் கீறிப் பார்த்தார். “சுண்ணாம்பு மேல அடிச்சா அது செவுத்தையாம்மா புடிக்கும்? சுண்ணாம்பைத்தான் புடிக்கும். சுண்ணாம்பு கயண்டா கூடவே இதுவும் கயண்டுக்கும்.” அவ்வளவுதான், பத்து செகண்டில் முடிந்தது விசாரணை.

அவர் முன்பு சினிமா பேனர் வரைந்தவர். சென்னை மவுண்ட் ரோட்டில் கட்-அவுட்டுகள் சவுக்குக் கழிகளைப் பிடித்துக்கொண்டு வானத்தில் நின்ற காலத்து ஆள். ஒரு ஸ்டில்லில் பென்சிலால் கட்டம் போட்டு, அதே எண்ணிக்கையில் பேனரில் பெரிய கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் உருவத்தை ஏற்றுவார்களாம். நேர்க்கோட்டுக்கு ஸ்கேல் கிடையாது. நீலப்பொடியில் தோய்த்த நூலை இரண்டு பேர் இரு முனையிலும் இழுத்துப் பிடிக்க, நடுவில் சுண்டினால் கோடு விழும், நூல் அடிப்பது என்று பெயர். கன்னத்தில் ஏன் பச்சையும் ஊதாவும் வைத்தீர்கள் என்று கேட்டேன். “கிட்ட நின்னு பாக்கறதுக்கா வரைஞ்சோம்? பஸ்ல போறவன் பாக்கணும்மா.” இரண்டாயிரங்களில் ஃப்ளெக்ஸ் வந்தது, சில வருஷத்திலேயே அந்தத் தொழில் படுத்துவிட்டது.

2010 வாக்கில் மாநகராட்சி அண்ணா சாலைச் சுவர்களில் போஸ்டர் ஒட்டுவதைத் தடுக்கப் படம் வரையச் சொன்னது ஞாபகமிருக்கலாம். கோயில், நடனம், கிராமத்துக் காட்சி என்று வரிசையாக இருக்கும். ரசனையாக இல்லை என்று அப்போது கிண்டல் செய்தவர்களில் நானும் ஒருத்தி. வேலையில்லாமல் இருந்த பேனர் ஆர்ட்டிஸ்டுகள் பலருக்கு அதில் கூலி கிடைத்தது என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

இப்போது இங்கே சுவர் ஓவியம் வேறு கட்டத்தில் இருக்கிறது. கண்ணகி நகரைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. ஆற்றோரங்களிலும் மற்ற இடங்களிலும் இருந்து அகற்றப்பட்ட குடும்பங்களுக்காக 2000 முதல் துரைப்பாக்கம் பக்கம் கட்டிய குடியிருப்பு அது, 15,000 வீடுகளுக்கு மேல். 2020 தொடக்கத்தில் பொது இடங்களில் சுவரோவியம் செய்கிற ஸ்டார்ட் (St+art) இந்தியா அமைப்பும் மாநகராட்சியும் சேர்ந்து அங்கே கட்டடங்களின் பக்கச் சுவர் முழுக்க ஓவியம் தீட்ட வைத்தார்கள், நம்ம ஊர் சுவரோவியர் ஏ-கில்லோடு வெளியூர், வெளிநாட்டுக் கலைஞர்களும் வந்தார்கள். இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையச் சுவரில் எச்ஐவி பற்றிய விழிப்புணர்வுக்காக வரிசையாகப் பெரிய முகங்கள் இருக்கிறதே, அதுவும் ஏ-கில், கத்ரா என்ற இன்னொரு ஓவியரோடு சேர்ந்து வரைந்ததுதான். அந்த முகங்களைப் பார்க்கவென்றே நான் ஒரு ஸ்டேஷன் முன்னாடி இறங்கி நடந்திருக்கிறேன். கண்ணகி நகரில் டீ குடிக்கும்போது ஒரு அம்மா, “படம் பாக்க வந்தியா, தண்ணி வருதான்னு பாக்க வந்தியா?” என்று கேட்டார். முன்னாடியெல்லாம் இந்த அட்ரஸைச் சொன்னால் வேலை கொடுக்கத் தயங்குவார்கள், இப்போது படம் இருக்கிற பிளாக் என்று சொல்கிறோம் என்றும் அவரே சொன்னார். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னதால் இரண்டையும் எழுதுகிறேன்.

என் சண்டை ஓவியங்களோடு இல்லை. வாலண்டியர் வேலை என்று பெயர் வைத்து என்னைப் போன்றவர்கள் செய்கிற அரைகுறையோடுதான். பெயிண்ட்டுக்கு ஸ்பான்சர் கிடைக்கிறது, ட்ரோன் வீடியோவுக்குக் காசு இருக்கிறது, வரையத் தெரிந்த ஆளுக்குக் கூலி என்று வரும்போது மட்டும் “ஊருக்காகத்தானே” என்று இழுக்கிறோம். சோழமண்டலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1966-ல் கே.சி.எஸ். பணிக்கரும் மாணவர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் அந்தக் கலைஞர் கிராமத்தைத் தொடங்கியபோது, பாத்திக் துணி மாதிரியான கைவினைப் பொருள்களைச் செய்து விற்றுத்தான் நிலத்துக்கும் சாப்பாட்டுக்கும் வழி பண்ணிக்கொண்டார்கள். ஓவியத்துக்குச் சோறு போட்டது கைத்தொழில். இவ்வளவுக்கும் பணிக்கர் அரசு கலைப் பள்ளியின் முதல்வராக இருந்தவர், காசைப் பற்றி யோசிப்பது கலைக்கு இழுக்கு என்று அவர் நினைத்ததாகத் தெரியவில்லை.

சரி, எங்கள் சுவருக்கு வருகிறேன். பெரியவரிடம் மறுபடி செய்து தர முடியுமா என்று கேட்டபோது முதலில் நாள் கூலியைச் சொன்னார், அப்புறம் எத்தனை நாள் என்று சொன்னார். ஐந்து நாள். அதில் மூன்று நாள் சுரண்டுவது, கழுவுவது, காயவிடுவது. “அதுக்கும் கூலியா?” என்று எங்கள் குழுவில் ஒருவன் கேட்டான், அதுக்குத்தான் கூலியே என்றார். எட்டுப் பேரும் பணம் போட்டோம், இந்தத் தடவை டி-ஷர்ட் இல்லை. மழை விட்டு, பொங்கல் கழிந்ததும் ஆரம்பித்தார். நானும் ஒரு நாள் கம்பி பிரஷ் பிடித்தேன், மாலைக்குள் தோள் விட்டுப்போனது, மூக்கெல்லாம் சுண்ணாம்பு. மரத்தை நூல் அடித்துக் கட்டம் போட்டு அவர்தான் வரைந்தார். கை அச்சுக்கு மட்டும் பிள்ளைகளை விட்டார், அதுவும் பெயிண்ட் சொட்டக் கூடாது என்று ஒவ்வொரு கையையும் தட்டு ஓரத்தில் வழித்துவிட்டு.

கடைசி நாள், மூலையில் உங்கள் பெயரை எழுதுங்கள் என்று கெஞ்சினேன். சின்ன பிரஷ்ஷை எடுத்தார். எழுதியது இதுதான்: ‘ப்ரைமர் 2 கோட், தை மாசம்’. “அடுத்து அடிக்கறவனுக்குத் தெரியணும்ல” என்று டப்பாவை மூடினார்.