கல்லறையில் ஒரு காரணம்

மதியம் சாப்பிட்டுக்கொண்டே போனைத் தள்ளிக்கொண்டிருந்தேன். ஒரு கல்லறைப் படம் வந்தது. பெரிதாக்கி, எழுத்து எழுத்தாகப் படித்தேன். சோறு ஆறிவிட்டது.

'தனிமை பிடித்து இங்கே படுத்திருக்கவில்லை. மற்ற இடுகாடுகளில் இனம் பார்க்கும் விதி இருப்பதால் இதைத் தேர்ந்தெடுத்தேன்' என்கிற பொருளில் கல்லில் வெட்டியிருக்கிறது.

செத்த பிறகும் வாதாடுகிற வக்கீல்!

அவர் தாடியஸ் ஸ்டீவன்ஸ். 1792இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பிறந்தவர். பிறவியிலேயே ஒரு பாதம் வளைந்திருந்தது. அம்மா பாடுபட்டுப் படிக்கவைத்தார்.

கெட்டிஸ்பர்க்கில் வக்கீல் தொழில், 1833இல் பென்சில்வேனியா சட்டமன்றம். அங்கே 1834இல் வந்த இலவசப் பள்ளிச் சட்டத்தை மறு வருடமே ஒழிக்கப் பார்த்தார்கள். அடுத்தவன் பிள்ளை படிக்க நான் ஏன் வரி கட்டணும் என்ற கோபம்தான். (எங்கேயோ கேட்ட குரல்.) கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளாத இந்த மனிதர் எழுந்து பேசினார். சட்டம் பிழைத்தது.

அப்புறம் அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போய், அடிமை முறையை ஒழிக்கப் போராடியதெல்லாம் ஊரறிந்த கதை.

எனக்கு உறுத்துவது வேறு. 1821இல் சாரிட்டி பட்லர் என்ற கறுப்பினப் பெண் தனக்கும் பிள்ளைகளுக்கும் விடுதலை கேட்டு வழக்காடினார். ஸ்டீவன்ஸ் நின்றது எஜமானன் பக்கம். ஜெயிக்கவும் செய்தார்.

1868இல் இறந்தபோது, லங்காஸ்டரில் எல்லா இனத்தவரையும் புதைக்கும் அந்தச் சின்ன இடுகாட்டுக்குத்தான் அவரைக் கொண்டுபோனார்கள்.

அந்தக் கல்லில் சாரிட்டியின் பெயர் இல்லை.